ஆளுக்கு ரெண்டு லேட்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம் டைம்கீப்பரின் மேசைமேல் ஒரு தாளை விரித்தார். விரித்ததும் ஏதாவது சொல்வார் என்று டைம்கீப்பர் காத்திருந்தார். மேடம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் அடக்க மாட்டாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தே விட்டார். பஸ் டெப்போவின் அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள் அதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள், ஃபைலை வீசியிருக்கிறார்கள், ஒருவர் வெயில் தாங்காமல் மயங்கிக்கூட விழுந்திருக்கிறார். சிரித்தவர் யாரும் இல்லை.

தாளில் வரிசையாகக் கட்டைகள் வரைந்திருந்தன. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கட்டை. போன மாதம் எத்தனை முறை தாமதமாக வந்தாரோ அந்த அளவுக்கு அவர் கட்டை உயரும். இந்தக் கட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன, ஒன்றுகூட முடியளவு தூக்கிக்கொண்டு நிற்கவில்லை.

“எல்லாருக்கும் ரெண்டு,” என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஒருத்தருக்குக்கூட ஒண்ணு இல்ல, மூணு இல்ல. அதுக்கு முந்தின மாசமும் இதே ரெண்டு. உங்க டெப்போவுல லேட்டைக்கூடப் பங்கு போட்டுத்தான் குடுப்பீங்களா?”

“எங்க டிரைவருங்க ரொம்ப ஒத்துமையானவங்க மேடம்,” என்றார் டைம்கீப்பர். வேறு என்ன சொல்வது?

அந்த ஒற்றுமையைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தவர் அவர்தான். ஒரு டிரைவர் மாதத்தில் மூன்றாம் முறை தாமதமாக வந்தால் மேனேஜர் மெமோ கொடுப்பார். வருடத்தில் மூன்று மெமோ சேர்ந்தால் வெளியூர் டெப்போவுக்குத் தூக்கிவிடுவார். கொடுத்துக் கொடுத்து மேனேஜருக்கே மெமோ என்று பேராகிவிட்டது. டைம்கீப்பரோ இளகின மனசுக்காரர். பஸ் உள்ளே நுழையும்போதும் கிளம்பும்போதும் நேரம் பார்த்து, டிரைவர் பேரோடு கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. ஏற்கெனவே இரண்டு முறை மாட்டிய டிரைவர் மறுபடி தாமதமாக வந்தால், அந்தத் தாமதத்தை இன்னும் இரண்டு நிறையாத வேறொருவர் பேரில் ஏற்றுவார். எல்லோர் பங்கும் நிறைந்த பிறகு வருவதைச் சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதி மூடிவிடுவார். டிரைவர்களுக்கும் இது தெரியும். மாதக் கடைசியில் ஜன்னலில் தலையை நீட்டி, “அண்ணே, என் பங்கு ஒண்ணு பாக்கி கெடக்கு. யாருக்காவது தேவைப்பட்டா என் பேர்ல போட்டுக்குங்க” என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த அழகுக்கு, சீராக நேரம் காக்கும் டெப்போ என்று மேலிடம் ஒரு கேடயம் வேறு கொடுத்திருந்தது. மேனேஜர் தினம் காலையில் தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைப்பார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்தில் திடீரென்று தகவல் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, டெப்போ டெப்போவாகப் போய்க் கணக்கைப் பார்க்கச் சொல்லி இந்த மேடத்தை அனுப்பி வைத்தார்கள். தாள் நிறைய வட்டமும் கட்டையுமாகப் போட்டுக்கொண்டு வந்ததால் டிரைவர்கள் அவருக்கு வட்ட மேடம் என்று பேர் வைத்தார்கள். டைம்கீப்பர் தன்னால் ஆன தொல்லையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார், அதையே நினைவு வரும்வரை மூன்று வாரம் சொன்னார். கூட்டத்துக்குக் கூப்பிட்ட நாளில் பல்வலி என்று வீட்டில் இருந்துகொண்டார். பல்வலி மட்டும் நிஜம்.

மேடம் எதற்கும் கோபித்துக்கொள்ளாததுதான் அவருக்குப் பெரிய இம்சையாக இருந்தது. கத்துகிற அதிகாரியைச் சமாளிக்கத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டால் போதும், மழை ஓய்ந்துவிடும். சிரிக்கிறவரை என்ன செய்வது?

“நான் இதை மேல கொண்டு போறதா இல்ல,” என்றார் மேடம், தாளை மடித்துக்கொண்டே. “யாரு லேட்டுன்னும் எனக்கு வேண்டாம். நிஜமா எந்த ரூட்ல தகராறு? அதை மட்டும் சொல்லுங்க.”

டைம்கீப்பர் மேசைமேல் நேராக இருந்த ஸ்டேப்ளரை இன்னும் நேராக்கினார். வாயைத் திறந்தால் எட்டாம் நம்பர் என்று சொல்லவேண்டும். எட்டாம் நம்பரை மதியத்தில் ஓட்டுவது அவர் மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி. டைம்கீப்பர் மகள் கல்யாணத்துக்கு லீவில் போனபோதும், அப்புறம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனபோதும் மாற்றாள் வந்து உட்கார்ந்து, இந்தப் பங்கு விஷயமெல்லாம் தெரியாமல் உள்ளது உள்ளபடி ஏற்றிவிட்டான். லீவுக்கு ஒன்றாக மைத்துனனுக்கு இரண்டு மெமோ வந்தது. இன்னும் ஒன்று வந்தால் வெளியூர்தான். அவன் பெண்டாட்டிக்கு இந்த ஊரில் வேலை. குழந்தை இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

“நீங்க சொல்ல வேண்டாம்,” என்றார் மேடம். “நானே ஏறிப் பாத்துக்கறேன்.” வெளியே எட்டிப் பார்த்து, போய்க்கொண்டிருந்த ஒரு கண்டக்டரிடம், “ஏம்ப்பா, இங்க எந்த பஸ்ல போனா ரொம்ப நேரம் பேசிட்டே போகலாம்?” என்றார்.

“எட்டுல ஏறுங்க மேடம். கதையே முடிஞ்சுடும், ஊர் வராது,” என்றான் அந்த மகராசன்.

மேடத்தைத் தனியாக அனுப்பினால் மைத்துனன் என்னென்ன உளறி வைப்பானோ என்ற பயத்தில், அறையில் வேறொருவரை உட்கார வைத்துவிட்டு டைம்கீப்பரும் கூடவே ஏறினார். அந்த ரூட்டில் அவர் போய்ப் பல வருஷமாயிற்று. அவர் கண்ணுக்கு எட்டாம் நம்பர் என்பது கேட்டில் நுழைகிற ஒரு முகப்புக் கண்ணாடி மட்டும்தான். இந்த ரூட்டுக்கு ரன்னிங் டைம், அதாவது போய்ச் சேரவேண்டிய நேரம், போட்ட காலத்தில் டெப்போவைத் தாண்டினால் வெறும் பொட்டல். இப்போது முதலில் ஒரு ஆஸ்பத்திரி வந்தது. அதன் வாசலில் ஆட்டோக்கள் மூன்று வரிசையாக நின்றன. அதைக் கடந்ததும் பள்ளிக்கூடம். அப்புறம் சிக்னல், அது முடிந்து பெருமூச்சு விடுவதற்குள் இன்னொரு சிக்னல். காய்கறி மொத்தக்கடை வாசலில் லாரியைக் குறுக்கே போட்டு மூட்டை இறக்கினார்கள். இறக்குகிறவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

சிவப்பு விழுந்தது. மைத்துனன் பக்கத்தில் இருந்த டப்பாவை இடது கையால் திறந்து, ஸ்பூனால் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மூடினான். பச்சை விழுந்தது. அடுத்த சிவப்பில் இன்னொரு வாய். டைம்கீப்பர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, சாப்பாட்டுக்கு நேரம் தரமாட்டாங்களா?” என்று கேட்டார் மேடம், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து.

“தராம என்னங்க, அரை மணி நேரம் தர்றாங்க. பேப்பர்ல இருக்கு. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா அதைத் திங்கலாம்.” வட்ட மேடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தானே தவிர, அவன் முகம் பார்த்ததில்லை. யாரோ பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தான். “ஆனா ஒண்ணுங்க, நான் லேட்டே கிடையாது. எங்க மாமா கையில கம்ப்யூட்டர் இருக்கற வரைக்கும் என்னை ஒரு பய அசைக்க முடியாது. பின்னாடி உக்காந்திருக்காரே, அவருதான்!”

டைம்கீப்பர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத எதையோ கூர்ந்து பார்த்தார். மேடம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காகவே அவருக்கு மேடத்தைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார். “உன் தம்பி சிக்னல்ல சாப்பிடறான். சிவப்பு விழுந்தா ஒரு வாய்.”

“இன்னிக்குத்தான் தெரியுமா உங்களுக்கு?” மனைவி பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. “வருஷக்கணக்கா அப்படித்தான். வயித்துல புண்ணுன்னு மாத்திரை திங்கறான். உங்ககிட்ட சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்.”

“நான் அவனுக்கு மெமோ வராம எவ்வளவு கஷ்டப்பட்டுப் பாத்துக்கறேன் தெரியுமா?”

“தெரியும். யாரு இல்லேன்னா?” அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “நீங்க நல்லவருதாங்க. ஊருக்கே தெரியும். ஆனா அந்த பஸ்ஸு லேட்டுன்னு நீங்க எழுதவே இல்லையே. எழுதாத லேட்டை எவன் வந்து சரி பண்ணுவான்? காப்பாத்தறேன் காப்பாத்தறேன்னு அவனை அந்தச் சீட்லயே வெச்சுப் பூட்டிட்டீங்க.”

டைம்கீப்பருக்குச் சுருக்கென்றது. போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

மறுநாள் மேடம் வந்ததும் அவரே பேச்சை எடுத்தார். “மேடம், நான் உள்ளதை எழுதறேன். ஒரே ஒரு ஒத்தாசை பண்ணணும். கம்ப்யூட்டர்ல டிரைவர் பேருக்குன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதை எடுத்துடுங்க. ரூட் இருக்கட்டும், நேரம் இருக்கட்டும், காரணம்கூடக் கேளுங்க. பேரு வேண்டாம். பேரு இருந்தா என் கை பொய்தான் எழுதும். பழகிப்போச்சு.”

மேடம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “இது எனக்குத் தோணலையே,” என்றார். “இத்தனை நாளா உங்களை எப்படி மடக்கறதுன்னுதான் யோசிச்சேன்.”

மேடம் வெளியே போய்த் தன் டைரக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்ததும், இருவருமாக மேனேஜர் அறைக்குப் போனார்கள். ஒரு மாதத்துக்குப் பேர் இல்லாமல் கணக்கு, அந்த ஒரு மாதத்துக்கு மெமோ கிடையாது என்று மேடம் விளக்கி முடிப்பதற்குள் மேனேஜர் முகம் சிவந்துவிட்டது.

“பேரு இல்லேன்னா நான் யாரைத் திட்டறது?” அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “இந்த டெப்போ ஒழுங்கா ஓடிட்டிருக்கு மேடம். அதோ பாருங்க கேடயம்.”

டைம்கீப்பர் கேடயத்தைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. “சார், அந்தக் கேடயத்துல பாதி எனக்கு வரணும்.”

“என்னய்யா சொல்றே?”

“ஆளுக்கு ரெண்டு லேட்டுன்னு வருதே, அது நான் போட்டது சார். பங்கு பிரிச்சு.”

சொல்லிவிட்டார். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். கேடயத்தைப் பார்த்தார், டைம்கீப்பரைப் பார்த்தார், மறுபடி கேடயத்தைப் பார்த்தார். கத்துவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவரோ குரலே எழும்பாமல், “இது மேல தெரிஞ்சா என் கதி என்ன?” என்றார். டைம்கீப்பர் அப்போதுதான் கவனித்தார், மெமோ கொடுக்கிறவருக்கும் மெமோ கொடுக்க மேலே யாரோ இருக்கிறார். அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு பயந்து பயந்துதான் கூட்டத்துக்குப் போய்வருகிறார் போலும்.

“மேல போற தாளை நான்தான் தயார் பண்றேன் சார்,” என்றார் மேடம் மெதுவாக. “இந்த ஒரு மாசம் அதுல டெப்போ பேரும் இருக்காது. என் டைரக்டர்கிட்ட பேசி ஒத்துக்க வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார்.

“என் பேரும் வராதா?”

“வராது சார்.”

“ஒரு மாசம்தான்,” என்றார் மேனேஜர். “அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது.”

முதல் நாள் டிரைவர்கள் யாரும் நம்பவில்லை. ஒவ்வொருவராக அறைக்குள் வந்து, கம்ப்யூட்டரில் பேர்க் கட்டம் இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் திரையின் பின்பக்கம்கூடப் பார்த்தார். மைத்துனன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். “மாமா, பேரை எடுத்துட்டா மட்டும்? மதியம் எட்டை ஓட்டறது யாருன்னு மேனேஜருக்குத் தெரியாதா? நீங்களே என்னை வண்டி ஏத்தி வெளியூர் அனுப்பறீங்க.” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. டைம்கீப்பர் அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனாலும் எட்டாம் நம்பர் உள்ளே வந்தபோது, கடிகாரம் காட்டியதை அப்படியே தட்டினார். விரல் ஒருமுறை பின்வாங்கியது, அவ்வளவுதான். தட்டி முடித்ததும் முதுகிலிருந்து யாரோ மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. இவ்வளவு காலமாக யார் யார் பங்கு எவ்வளவு பாக்கி என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த கணக்கு சட்டென்று நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் டீ குடிக்கும்போது டீ ருசியாக இருந்தது.

ஒரு வாரத்தில் ஜன்னலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. மாட்டிக்கொள்ள ஆளில்லை என்றதும் டிரைவர்களுக்கு வாய் திறந்துகொண்டது. “அண்ணே, காரணம் எழுதிக்குங்க, ஆஸ்பத்திரி கேட்டு.” “அண்ணே, அந்த லாரிக்காரன் இன்னிக்கும்.” “அண்ணே, ரெண்டு சிக்னலும் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சுக்கிட்டுச் சிவப்பு போடுதுண்ணே.” லேட்டே ஆகாத டிரைவர்கள்கூட ஏதாவது காரணம் இருந்தால் எழுதிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார்கள். டைம்கீப்பர் சலித்துக்கொண்டே எழுதினார். சலிப்பு பாவனைதான். இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் இவ்வளவு பேசியதில்லை.

மாதம் முடிந்ததும் மேடம் புதுத் தாளோடு வந்தார். மேனேஜர் அறையில் மூவரும் நின்றார்கள். தாளில் இப்போது ரூட்டுக்கு ஒரு கட்டை. மற்றதெல்லாம் முழங்கால் உயரத்துக்கு இருக்க, நடுவில் எட்டாம் நம்பர் தென்னைமரமாக நின்றது.

“யாரு இது?” என்றார் மேனேஜர் பழக்க தோஷத்தில். பேர் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார், அங்கேயும் இல்லை.

“மதியம் இதை ஓட்டறது யாருன்னு எனக்குத் தெரியும்,” என்றார் டைம்கீப்பரை நேராகப் பார்த்து. டைம்கீப்பர் மனதுக்குள் மைத்துனனின் பெட்டி படுக்கை, குழந்தை பிடித்து நடக்கும் சுவர் எல்லாம் ஒருமுறை வந்துபோயின.

மேனேஜர் கட்டைக்குக் கீழே எழுதியிருந்த டிரிப் நேரங்கள்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். “ஆனா காலையில ஓட்டறவன் வேற ஆளு. அவனும் லேட்டு. ராத்திரி கடைசி டிரிப் மட்டும்தான் நேரத்துக்கு வருது. லீவுக்கு மாத்து ஓட்டறவனைப் போட்டா அவனும் லேட்டு. எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி இந்த ஒரே ரூட்ல...” விரல் நின்றது. திட்டுவதற்கு ஆள் கிடைக்காத அந்த மனிதர், அந்த டெப்போவில் முதல் முறையாக வேறொரு கேள்வி கேட்டார்.

“ஏன்யா? அங்க என்ன இருக்கு?”

டைம்கீப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சிக்னல், லாரி என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். நடுவில் மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம். மேடம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இந்த ரன்னிங் டைம் எந்தக் காலத்துல போட்டது?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. “மாத்துங்க. மேல நான் பேசிக்கறேன்,” என்றவர், அவர்கள் கதவு வரை போனதும் கூப்பிட்டு, “அந்தப் பேருக் கட்டம்... அது இல்லாமலே இருக்கட்டும்” என்றார். டைம்கீப்பர் வராந்தாவுக்கு வந்ததும் மேடத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார். “பாஸ்வேர்டு மறக்கவே இல்ல மேடம்,” என்றார். “அது தெரியும்,” என்றார் மேடம்.

புது நேரம் அமலுக்கு வந்த வாரம் மதியத்தில் எட்டாம் நம்பர் பதறாமல் உள்ளே வந்து நின்றது. மைத்துனன் இறங்கி, கைகழுவி, மற்ற டிரைவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் டப்பாவையும் அடுத்தவன் டப்பாவையும் சேர்த்து முடித்தான். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவன் சாப்பிட்டுச் சிரிப்பதைத் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து டைம்கீப்பர் திருட்டுத்தனமாகப் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்வதற்கு ஒன்றுவிடாமல் மனதில் வாங்கிக்கொண்டார்.

கிளம்பும் நேரம் வந்தது. பஸ் நகர்ந்து கேட் வரை போய், நின்றது. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக ஒரு பெண் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பாதி வழியில் ஒரு செருப்பு கழன்று பின்னால் விழுந்தது. அவள் பஸ்ஸைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், எதை விடுவது என்று தெரியாமல் நடுச்சாலையில் தவித்தாள். மைத்துனன் ஜன்னல் வழியே கையை நீட்டி, போய் எடுத்து வரும்படி சைகை காட்டினான். அப்படியே அறைப் பக்கம் திரும்பி டைம்கீப்பரிடம் ஒரு விரலைக் காட்டினான். ஒரு நிமிஷம்.

டைம்கீப்பர் ஒரு நிமிடத் தாமதம் என்று தட்டினார். காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தார். ஆஸ்பத்திரி இல்லை, சிக்னல் இல்லை, லாரி இல்லை. வாயெல்லாம் பல்லாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, செருப்பு என்று ஏற்றினார். நிமிர்ந்தபோது அந்தப் பெண் செருப்பைக் காலில் போடாமல் கையிலேயே பிடித்தபடி படியில் ஏறிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக எம்பி, நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் கதவைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தது.